சான்செஸா, சாவேஸா?

அன்புள்ள ஐயா,

மெக்சிகோ குத்துச்சண்டை வீரர் சால்வடோர் சான்செஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சுதான். சான்செஸும் அதே மெக்சிகோவின் ஹூலியோ சேசர் சாவேஸும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? நான் சாவேஸ் கட்சி. முதல் 87 சண்டையில் ஒன்றில்கூடத் தோற்காத மனிதர். சான்செஸ் மொத்தமே ஆடியது 46. அதிலும் ஒரு தோல்வி, ஒரு டிரா. என் நண்பரோ சான்செஸ்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். காரணம் கேட்டால் "பார்த்தாலே தெரியும்" என்கிறார். நீங்களாவது ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

"பார்த்தாலே தெரியும்" என்பது குத்துச்சண்டையில் அப்படி ஒன்றும் மோசமான வாதம் இல்லை. உங்கள் 87-ஐ விட அதை நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்புவேன்.

சாவேஸ் 1980-இல் தொழிலுக்கு வந்தார். உலகப் பட்டம் கிடைத்தது 1984 செப்டம்பரில், மரியோ மார்டினெஸை லாஸ் ஏஞ்சல்ஸில் 8-ஆவது ரவுண்டில் வீழ்த்தி. அதற்கு முன் ஆடியவற்றில் பெரும்பாலானவை வெளியூரில் யாரும் கேள்விப்படாத ஆட்களோடு. அவற்றிலும் ஒன்று சுவாரசியமானது. 1981-இல் சொந்த ஊரான குலியகானில், ரவுண்டு முடியும் நேரத்தில் விழுந்த ஒரு குத்துக்காக அவர் தோற்றதாக நடுவர் அறிவித்தார். மறுநாளே அதை வெற்றி என்று மாற்றிவிட்டார்கள். சொந்த ஊர் என்றால் சும்மாவா! சான்செஸின் அந்த ஒரே தோல்வி 1977-இல், 18 வயதில், மெக்சிகோ தேசியப் பட்டத்துக்காக ஆடியபோது. அதுவும் நடுவர்கள் ஒருமனதாகக் கொடுத்த தீர்ப்பு இல்லை.

எண்ணிக்கையை விட்டுவிட்டு, இருவரோடும் ஆடியவர்களைப் பார்க்கலாம். ரூபன் காஸ்டியோ 1980-இல் சான்செஸோடு 15 ரவுண்டும் நின்று பாயிண்ட்ஸில் தோற்றார். 1985-இல் சாவேஸ் அவரை 6-ஆவது ரவுண்டிலேயே முடித்துவிட்டார். இது உங்கள் கட்சிக்குச் சாதகம்தான், ஆனால் காஸ்டியோவுக்கு நடுவில் 5 வருடம் போய்விட்டது. எனக்கு முக்கியமாகப் படுபவர் ஹுவான் லபோர்ட். 1980 டிசம்பரில் எல் பாஸோவில் சான்செஸ் அவரை 15 ரவுண்டு ஆடி வென்றார். 1986 டிசம்பரில் நியூயார்க்கில் சாவேஸ் அதே லபோர்ட்டை 12 ரவுண்டு ஆடி வென்றார். இருவராலும் அவரை நாக்-அவுட் செய்ய முடியவில்லை.

அந்த 15-ஐயும் 12-ஐயும் கவனித்தீர்களா? நீங்களும் நண்பரும் இத்தனை நாள் சண்டை போட்டும் இதைப் பேசவே இல்லை என்று நினைக்கிறேன்.

1982 நவம்பரில் லாஸ் வேகஸில் ரே மான்சினியோடு மோதிய தென்கொரியாவின் கிம் டுக் கூ 14-ஆவது ரவுண்டில் விழுந்தார். சில நாளில் இறந்துபோனார். அதன் பிறகுதான் உலகக் குத்துச்சண்டை கவுன்சில் பட்டச் சண்டைகளை 15 ரவுண்டிலிருந்து 12 ஆகக் குறைத்தது. சான்செஸ் அந்த ஆகஸ்டிலேயே, 23 வயதில், மெக்சிகோவின் கேரெடாரோ சாலையில் தன் போர்ஷே கார் விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, சான்செஸ் ஆடிய பட்டச் சண்டைகள் பத்தும் 15 ரவுண்டுக் கணக்கு. சாவேஸோ வாழ்க்கையில் 13-ஆவது ரவுண்டுக்கு எழுந்து வந்ததே இல்லை.

சான்செஸ் பட்டத்தைப் பிடித்தது டேனி லோபஸிடமிருந்து, 13-ஆவது ரவுண்டில். நான்கே மாதத்தில் மறுபடி மோதியபோது லோபஸை நிறுத்தியது 14-ஆவதில். கடைசிச் சண்டையில், கடைசி நேரத்தில் ஆள்மாற்றாக வந்த அஸுமா நெல்சனை நிறுத்தியது 15-ஆவதில். கானாவிலிருந்து வந்த அந்த நெல்சனை அன்று யாருக்கும் தெரியாது. பின்னால் உலக சாம்பியன் ஆனார். சாவேஸ் கழற்றி வைத்துவிட்டுப் போன 130 பவுண்டு எடைப் பிரிவுப் பட்டத்தையும் 1988-இல் எடுத்தவர் அவர்தான், அதுவும் மேலே சொன்ன மார்டினெஸோடு மோதி. இன்றைய கணக்கில் இந்த மூன்று முடிவுகளும் நடந்தே இருக்காது.

சரி, 130 பவுண்டில் இறக்குவோம். 1981-ஆம் வருடத்து சான்செஸ், 1987-ஆம் வருடத்து சாவேஸ். 126 பவுண்டில் ஆடிய சான்செஸுக்கு நான்கு பவுண்டு ஏறுவது பெரிய விஷயமாக இருக்காது.

சாவேஸ் அவசரப்படமாட்டார். தலையை இரண்டு பக்கமும் மெல்ல அசைத்துக்கொண்டே எதிராளி போகும் வழியை அடைத்து, கயிற்றுப் பக்கம் தள்ளிக்கொண்டு போவார். நெற்றி எதிராளியின் தோளில் போய்ப் படும் தூரம் வந்ததும், எதிராளியின் வலது முழங்கை கொஞ்சம் தூக்கினால் போதும், அதன் அடியில் சாவேஸின் இடது ஹூக் (வளைத்து வீசும் குத்து) ஈரலில் இறங்கும். அந்த அடியின் விசேஷம், விழுந்தவுடன் ஒன்றும் ஆகாதது போலத் தெரியும். ஒரு நொடி கழித்துத்தான் முழங்கால் மடங்கும், முகம் வெளுக்கும்.

ஆனால் சான்செஸுக்கு வேண்டியதே இப்படி முன்னேறி வரும் ஆள்தான். இடது கையைத் தாழ்த்தி, பின்னங்காலில் சாய்ந்து, அடியை விரற்கடை தூரத்தில் தப்பவிட்டு, அந்தக் கை திரும்புவதற்குள் வலது கையை விடுவார். 32 பேரை வரிசையாக நாக்-அவுட் செய்துவிட்டு வாய்ச்சவடாலோடு வந்த வில்பிரெடோ கோமஸை அப்படித்தான் முதல் ரவுண்டிலேயே தரையில் உட்காரவைத்தார், எட்டாவதில் அனுப்பிவைத்தார். சான்செஸைத் திணறவைத்தவர்கள் தூரத்தில் நின்று ஜேப் (முன் கையால் நேராக விடும் குத்து) போடும் உயரமானவர்கள். பாட்ரிக் ஃபோர்டு, பாட் கவ்டெல் இருவரோடும் மயிரிழையில்தான் தப்பினார். சாவேஸ் அந்த ரகம் இல்லை.

இங்கே நீங்கள் ஒன்று கேட்கலாம். வயிற்றில் வாங்கும் அடி வட்டிக்கு விட்ட பணம் மாதிரி, நாளாக ஆகத்தானே ஏறும், 15 ரவுண்டு என்றால் சாவேஸுக்குத்தானே லாபம்? நியாயமான கேள்வி. 1990-இல் மெல்ட்ரிக் டெய்லரை 12-ஆவது ரவுண்டு முடிய 2 விநாடி இருக்கும்போது நிறுத்தினாரே, அன்று மூன்று நடுவர்களில் இருவர் கணக்கில் டெய்லர்தான் முன்னால் இருந்தார். 15 ரவுண்டாக இருந்திருந்தால் அந்த 2 விநாடிச் சர்ச்சையே வந்திருக்காது, டெய்லர் எப்படியும் விழுந்திருப்பார்.

ஆனால் டெய்லர் நின்று அடித்துக்கொண்டே அடியும் வாங்கியவர். சான்செஸ் கயிற்றில் சாய்ந்தாலும் பாதி உடம்பைத் திருப்பி நழுவிவிடுவார். மூச்சும் அவருக்கு வாங்காது. ரவுண்டு இடைவேளையில் ஸ்டூலில் உட்காரும்போது பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆள் மாதிரி இருப்பார். நெல்சனோடு ஆடிய 15-ஆவது ரவுண்டைப் பாருங்கள், அப்போதுதான் மேடை ஏறியவர் போல அடிக்கிறார்.

என் கணக்கு இது. 12 ரவுண்டு என்றால், விடாமல் முன்னேறிக்கொண்டே இருப்பதற்காக நடுவர்கள் சாவேஸுக்கு ஒரு ரவுண்டு கூடுதலாகப் போட்டுவிடுவார்கள். பாயிண்ட்ஸில் சாவேஸ், அதுவும் அரங்கத்தில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளாத தீர்ப்பாக. 15 ரவுண்டு என்றால் சான்செஸ். நாக்-அவுட் நடக்காது, சாவேஸின் தாடை கல். ஆனால் கடைசி மூன்று ரவுண்டிலும் அவர் வந்துகொண்டே இருப்பார், வாங்கிக்கொண்டே இருப்பார்.

அலுவலகத்தில் யாராவது பந்தயம் கட்டினால், முதலில் எத்தனை ரவுண்டு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.