கரைசல் அடித்தும் புழு சாகவில்லையே!

கேள்வி: கத்தரியில் குருத்து வாடித் தொங்குகிறது, காயிலும் ஓட்டை. வேப்பங்கொட்டைக் கரைசல் இரண்டு முறை அடித்தும் புழு அப்படியே இருக்கிறது. போன வருடக் கொட்டை, வெந்நீரில் ஊறவைத்தேன். எங்கே தவறு?

பதில்: கொட்டையிலேயே தவறு தொடங்கிவிட்டது. நிழலில் உலர்த்திய கொட்டையை 3 முதல் 8 மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். பழசானால் கசப்பு மிஞ்சும், வீரியம் போய்விடும். பூஞ்சாணம் பிடித்ததைக் கழித்துவிடுங்கள். வெந்நீர் கூடவே கூடாது.

100 லிட்டருக்கு ஓடு நீக்கிய பருப்பு 5 கிலோ. எண்ணெய் கசியாத அளவுக்கு, ரவை பதத்தில் இடித்தால் போதும். துணியில் முடிந்து 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டுப் பிழியுங்கள்; பால் போல இறங்கும். அதை வடிகட்டி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து, 100 லிட்டராக்குங்கள். அன்றே, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் வெயிலே மருந்தைச் சிதைத்துவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் தண்டுக்குள் இருக்கும் புழு சாகாது. பொரித்த புழு சில மணி நேரத்தில் துளைத்து உள்ளே போய்விடுகிறது. கரைசல் அங்கே எட்டாது. முட்டையிடுவதையும் தின்பதையும் தடுப்பதுதான் வேம்பின் வேலை. அதனால் நட்ட மூன்றாவது வாரமே தொடங்கி, 10–15 நாளுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும். வாடல் கண்ட பிறகு கத்திதான் மருந்து. வாடிய இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே குருத்தை வெட்டிப் பிளந்து பாருங்கள், இளஞ்சிவப்புப் புழு நெளியும். வெட்டியதை வரப்பில் வீசினால் புழு வெளியேறிக் கூட்டுப்புழுவாகிவிடும், எரித்துவிடுங்கள். ஓட்டை விழுந்த காய்க்கும் இதே கதிதான். வாரம் ஒருமுறை வயல் முழுக்கச் செய்யாவிட்டால் பலனில்லை. ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி (பெண் அந்துப்பூச்சியின் வாசத்தால் ஆண் பூச்சியை இழுத்துப் பிடிப்பது) வைத்து, மாதம் ஒருமுறை கவர்ச்சிக் குப்பியை மாற்றுங்கள். மறுதாம்பு விடுவதும் (பழைய செடியை வெட்டி மறுபடி துளிர்க்க விடுவது), கத்தரி எடுத்த நிலத்தில் மறுபடி கத்தரி நடுவதும் புழுவுக்கு விருந்து வைப்பதுதான்.

கேள்வி: கூடவே பஞ்சகவ்யா அடித்தால் புழு கட்டுப்படுமா?

பதில்: கட்டுப்படாது. அது வளர்ச்சியூக்கி. 100 லிட்டருக்கு 3 லிட்டர் கலந்து தனியாக, வேறொரு நாளில் தெளியுங்கள். நன்றாக வடிகட்டாவிட்டால் தெளிப்பான் முனை அடைத்துக்கொள்ளும்.