பதின்பருவத்தில் "பொண்ணுன்னா இப்படித்தான்" என்ற எதிர்பார்ப்பு பெண்பிள்ளைகளை எப்படிப் பாதிக்கிறது? கண்டிப்பு இல்லாத வீடுகளிலும் இது உண்டா?

கேள்வியின் இரண்டாவது பாதிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் என்னை யாரும் அடித்ததில்லை. படிப்பை நிறுத்தவில்லை. "செய்யாதே" என்று முகத்துக்கு நேராக யாரும் சொன்னதாகக்கூட நினைவில்லை.

எங்களுக்குக் காங்கயம் பக்கம் தோட்டம். தோட்டத்துச் சாளையிலேயே குடியிருப்பு, பக்கத்து வீடு என்றால் இரண்டு காடு தள்ளித்தான். ஏழு வயதில் அப்பா என் இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டார். கீழே அண்ணன் டிராக்டர் டியூபைப் பிடித்துக்கொண்டு மிதந்துகொண்டிருந்தான். ஒரே கோடை லீவில் பழகிவிட்டது. பத்து வயதில் மோட்டார் ரூம் திட்டிலிருந்து தலைகீழாகக் குதிப்பேன். அண்ணன் அப்போதும் காலை நீட்டித்தான் குதிப்பான். (இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டான்.) தோட்ட வேலைக்கு வருபவர்களின் மகள் ஒருத்தி, என் வயதுதான், கிணற்று மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் ஏன் இறங்குவதில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் பதில் சாதியில் போய் முடிந்திருக்கும்.

1999இல், எட்டாவது படிக்கும்போது வயதுக்கு வந்தேன். எங்கள் பக்கம் அந்தச் சீருக்குத் தெரட்டி என்று பெயர். மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டினார், பட்டுச்சேலை எடுத்துவந்தார். பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுந்தங்களி என்று ஒரே கவனிப்பு. மைக்செட் போட்டு, மொய் நோட்டு வைத்து, நானூறு பேருக்குச் சாப்பாடு. எனக்குத் தீட்டு வந்த விஷயம் காங்கயத்திலிருந்து தாராபுரம் வரைக்கும் சொந்தபந்தம் அத்தனைக்கும் தெரியும். அடுத்த மாதம் அதே விஷயத்தை அண்ணன் காதில் விழாமல் அம்மாவிடம் சொல்ல வேண்டும். நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுத்தான் கடைக்காரர் தருவார். நானூறு பேரைக் கூப்பிட்டுச் சொன்ன சங்கதியில் அப்புறம் என்ன ரகசியம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அந்தக் கோடையில் அண்ணனும் பெரியப்பா பையன்களும் கிணற்றுக்குக் கிளம்பினார்கள். நானும் துண்டை எடுத்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "சுடிதார் நனைஞ்சா ஒட்டுமே அம்மிணி" என்றார். அவ்வளவுதான். குரலில் கோபமே இல்லை. நான் துண்டைக் கொடியில் திரும்பப் போட்டேன். அடுத்த வருஷம் அண்ணனே கூப்பிட்டான். தலைவலி என்றேன். அதற்கடுத்த வருஷம் எனக்கு நீச்சலே பிடிக்காது என்று சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே அதை நம்பியும் விட்டேன்.

கண்டிப்பு இருக்கும் வீட்டில் பிள்ளைக்குச் சண்டை போட ஓர் ஆளாவது கிடைக்கும். எனக்கு யாரோடு சண்டை? அம்மா சொன்னது உண்மைதானே, சுடிதார் நனைந்தால் ஒட்டத்தான் செய்யும்.

அண்ணனுக்கும் அதே வயதில்தான் மாற்றம் வந்தது, ஆனால் வேறு திசையில். பதிமூன்றில் டிவிஎஸ் 50 ஓட்டப் பழகினான், வெள்ளகோவில் சந்தைக்குத் தனியாகப் போய்வந்தான். லைசென்ஸ் இல்லாத பையன் வண்டி ஓட்டுவதில் யாருக்கும் ஆபத்து தெரியவில்லை. நான் ஆறு மணிக்கு மேல் மாட்டுத்தொட்டி வரைக்கும் போனால் "பொழுதோட அங்கென்ன வேலை" என்று அம்மாயி (அம்மாவின் அம்மா) குரல் கொடுப்பார். 15 நாடுகளில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் பேசி, 2017இல் வெளியான ஓர் ஆய்வு கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. பெண் பலவீனமானவள், பாதுகாக்கப்பட வேண்டியவள், பையன் துணிந்தவன் என்ற பாடம் அந்த வயதுக்குள்ளேயே மனதில் ஏறிவிடுகிறதாம்.

முட்டை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சீர் முடிந்ததும் அந்தக் கவனிப்பும் முடிந்தது, முட்டை மறுபடி அண்ணன் தட்டுக்குப் போனது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15-19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, பையன்களில் 31. மாதாமாதம் ரத்தம் போவதும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் போகிற ரத்தத்தை ஈடுகட்டுகிற மாதிரி எத்தனை வீட்டில் தட்டு மாறுகிறது?

கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரட்டி மண்டபமெல்லாம் இல்லை. பத்தாவது முடித்த கையோடு பஞ்சு மில்லுக்கு அனுப்பினார்கள். மூன்று வருஷம் உள்ளேயே தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. 'சுமங்கலித் திட்டம்' என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். கொங்கு நாட்டு மில்களில் அந்த முறை எவ்வளவு பரவியிருந்தது என்பதும், அது எத்தனை வழக்குக்கும் விசாரணைக்கும் போனது என்பதும் பேப்பர் படித்தவர்களுக்குத் தெரியும். அவள் இரண்டாவது வருஷம் காய்ச்சலில் திரும்பி வந்துவிட்டாள். மூன்று வருஷம் முடியவில்லை என்று சொல்லி அந்தப் பணத்தைத் தரவில்லை. எனக்குப் போட்டது பாசவேலி என்றால் அவளுக்கு நிஜமாகவே காம்பவுண்டு சுவர். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசினால் அது அவளுக்குச் செய்கிற துரோகம்.

பன்னிரண்டாவது முடித்ததும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு அப்ளிகேஷன் போட ஆசை. மார்க்கும் இருந்தது. அப்பா சிரித்துக்கொண்டே, "தோட்டத்த அண்ணன் பாத்துக்குவான், நீ எதுக்குச் சாமி அக்ரி படிக்கோணும்?" என்றார். பஸ்ஸில் போய்விட்டுச் சாயங்காலம் வீடு திரும்புகிற தூரத்தில் இருந்த காலேஜில் பி.காம். சேர்ந்தேன். என் படிப்பைத் தீர்மானித்தது கடைசி பஸ்ஸின் நேரம். இப்போது திருப்பூரில் ஆடிட்டர் ஆபீசில் பனியன் கம்பெனிகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். வேலை பிடித்துத்தான் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

2014இல் அப்பா தவறினார். மூன்றாவது மாதம் அண்ணன் போன் செய்து, "பாப்பா, பத்திர ஆபீசுக்கு ஒரு நடை வந்துட்டுப் போயிரு" என்றான். சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம். எங்கள் பக்கம் பையனுக்குப் பூமி, பெண்ணுக்குப் பவுன். எனக்குப் பதினாலு வயதிலிருந்தே அம்மா பவுன் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல், அப்போது எனக்கு மூன்று வயது. அது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அடுத்தவர் பில்லில் ஒரு ரூபாய் உதைத்தாலும் கண்டுபிடிப்பவள் நான். ஆனால் அன்றைக்கு ஒரு பக்கமும் படிக்காமல் "எங்கே போடணும்?" என்று மட்டும் கேட்டு, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் ஏமாற்றவில்லை. நான் கேட்டிருந்தால் யோசித்திருப்பான் என்றுகூட நினைக்கிறேன். கேட்கவே தோன்றவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து நகலைப் பிரித்தேன். சொத்து விவரத்தில் நிலத்துக்குக் கீழே கிணறு 1, அதிலுள்ள மின்மோட்டார், மின் இணைப்பு என்று இருந்தது.

என் மகளுக்குப் பன்னிரண்டு ஆகிறது. "மண்டபம் முன்கூட்டியே சொல்லி வச்சாத்தான் கெடைக்கும்" என்று நங்கையா (அண்ணி) இப்போதே ஆரம்பித்துவிட்டார். வேண்டுமா வேண்டாமா என்று அவளிடமே கேட்டேன். மைக்செட் வேண்டாம், குடிசையில் மட்டும் உட்காருகிறேன் என்கிறாள், போட்டோ நன்றாக வருமாம். சரி என்று விட்டுவிட்டேன்.

போன லீவில் தோட்டத்துக்குப் போயிருந்தோம். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்ததால் கிணற்றில் பாதிக்கு மேல் தண்ணீர். அண்ணன் மகன் குதித்துக்கொண்டிருந்தான். "உனக்கு நீச்சல் தெரியுமாம்மா?" என்றாள். தெரியும் என்றேன். "அப்புறம் ஏன் விட்டுட்டே? பாட்டி வேண்டாம்னு சொன்னாங்களா?" அம்மா பக்கத்தில்தான் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இல்லை, பாட்டி ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு, "அந்த டிராக்டர் டியூபு இன்னும் கெடக்குதா பாரு, காத்து நிக்குமா?" என்றார்.