பிராட்ஃபோர்டில் வீடு எடுக்கலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, நர்ஸ் வேலைக்காக இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு வந்திருக்கிறீர்கள், வீட்டுக்காரரும் மூன்று வயது மகளும் சீக்கிரம் வரப் போகிறார்கள், மானிங்ஹாமில் குறைந்த வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கூட வேலை பார்க்கும் நம்மவர்கள் "அது பாகிஸ்தான்காரர்கள் ஏரியா, பிள்ளை படிப்பு போய்விடும், இந்தியர்கள் அதிகம் இருக்கும் லெஸ்டர், ஹாரோ பக்கம் மாறிவிடு" என்கிறார்களாம். அதோடு ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறீர்கள்: ஒரே மண்ணிலிருந்து வந்தவர்கள்தானே, இந்தியர்கள் இவ்வளவு முன்னேறியும் பாகிஸ்தானியர்கள் ஏன் பின்தங்கி நிற்கிறார்கள், மதம்தான் காரணமா என்று.

வீட்டை எடுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மானிங்ஹாமிலேயே மருந்துக்கடையில் வெகுகாலமாக வேலை பார்க்கிறேன். நம்மவர்கள் சொல்லும் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

வித்தியாசம் இருப்பது உண்மை. 2018ஆம் ஆண்டுக்கான அரசுப் புள்ளிவிவரத் துறையின் கணக்கில் இந்தியர்களின் நடுமட்ட மணிக்கூலி 13.47 பவுண்ட், வெள்ளைக்காரப் பிரிட்டிஷாருக்கு 12.03, பாகிஸ்தானியர்களுக்கு 10.00. சொத்துக் கணக்கில் இடைவெளி இன்னும் பெரிது. ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் ஒரு பவுண்ட் இருந்தால் இந்தியக் குடும்பத்திடம் 90 முதல் 95 பென்ஸ், பாகிஸ்தானியக் குடும்பத்திடம் சுமார் 50 பென்ஸ் என்று இனச் சமத்துவ ஆய்வு அமைப்பான ரன்னிமீட் டிரஸ்ட் 2020இல் சொன்னது. பாகிஸ்தானியப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே வளர்கிறார்கள். இதையெல்லாம் மூடி மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் யார் வந்தார்கள், எதற்காக வந்தார்கள், எந்த ஊரில் இறங்கினார்கள் என்று பார்க்காமல் இந்த எண்களை வைத்துக்கொண்டு பேசக் கூடாது.

பிராட்ஃபோர்டில் நீங்கள் பார்க்கும் பாகிஸ்தானியர்களில் பெரும்பாலோர் மீர்பூர்க்காரர்கள். பாகிஸ்தான் வசமுள்ள ஆசாத் காஷ்மீரில் இருக்கும் மலையடிவாரக் கிராமங்கள் அவை. நிலம் சின்னது, மானாவாரி விவசாயம், பள்ளிக்கூடம் எட்டாத தூரம். அந்தப் பக்கத்து ஆண்கள் வெள்ளைக்காரன் காலத்திலேயே நீராவிக் கப்பல்களில் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போனவர்கள். 1960களில் மங்லா அணை கட்டியபோது பழைய மீர்பூர் ஊரும் சுற்றியிருந்த கிராமங்களும் தண்ணீருக்குள் போயின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசல் இழந்தார்கள். அதே சமயம் இங்கே யார்க்‌ஷயரின் கம்பளி ஆலைகள், லங்காஷயரின் பருத்தி ஆலைகள் எல்லாம் ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தன. விலை கொடுத்து வாங்கிய புது இயந்திரங்களை இரவும் பகலும் ஓட்டினால்தான் கட்டுப்படியாகும். பெண்களை இரவில் வேலைக்கு வைக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, உள்ளூர் ஆண்கள் இரவு ஷிஃப்டுக்கு வரத் தயாராக இல்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் மீர்பூர்க்காரர்கள் வந்தார்கள். 1962இல் குடியேற்றச் சட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும், கதவு சாத்துவதற்குள் தம்பி, மச்சான், மகன் என்று அவசர அவசரமாக வரவழைத்தார்கள்.

எங்கள் கடைக்கு சர்க்கரை மாத்திரை வாங்க வரும் பெரியவர் ஒருவர் இருந்தார், நான் சாச்சா (சித்தப்பா) என்றுதான் கூப்பிடுவேன். கம்பளி சிக்கெடுக்கும் பிரிவில் இரவு ஷிஃப்டிலேயே காலம் கழித்தவர். இத்தனை வருஷம் இருந்தும் இங்கிலீஷ் ஏன் வரவில்லை என்று அவரிடம் ஒருநாள் கேட்டேன். "யாரிடம் பேசுவது மகளே? ஷிஃப்ட் முழுக்க எங்கள் ஊர்க்காரர்கள். ஃபோர்மேன் ஒருவன்தான் வெள்ளைக்காரன், அவனும் கையைக் காட்டித்தான் பேசுவான், இயந்திரச் சத்தத்தில் எதுவும் கேட்காது" என்றார். பகலில் தூக்கம், இரவில் வேலை, சனிக்கிழமை ஊருக்குப் பணம். அந்தப் பணத்தில் மீர்பூரில் இரண்டு மாடி வீடு கட்டினார். அது இன்றைக்கும் பூட்டிக் கிடக்கிறது. ஊர் திரும்பும் எண்ணத்தில்தான் எல்லோருமே வாழ்ந்தார்கள், அதனால் இங்கே பிள்ளைகளின் படிப்பை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. மகன்களைப் பதினாறு வயதிலேயே அதே ஆலையில் சேர்த்துவிட்டார். அன்றைக்கு அது நல்ல சம்பளம்.

அப்புறம் ஆலைகள் மூடின. 1970களின் கடைசியில் தொடங்கி பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் ஒவ்வொன்றாகப் போயின. நீங்கள் பார்த்திருக்கும் வீட்டுத் தெருவிலிருந்தே அந்தப் பெரிய புகைபோக்கி தெரியும், லிஸ்டர் மில். 1992இல் மூடினார்கள், இப்போது அதில் அடுக்குமாடிக் குடியிருப்பு. வேலை போனபோது சாச்சாவின் மகன்களிடம் சான்றிதழும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது, அந்த ஊரில் வேறு வேலையும் இல்லை. டிரைவிங் லைசென்ஸ் மட்டும் இருந்தது. 2000களின் தொடக்கத்தில் எடுத்த அரசுக் கணக்குப்படி வேலையில் இருந்த பாகிஸ்தானிய ஆண்களில் ஆறில் ஒருவர் டாக்ஸி ஓட்டினார். வெள்ளைக்காரர்களில் அது நூற்றில் ஒருவர். டாக்ஸி ஓட்டுபவர்கள் ராத்திரி இரண்டு மணிக்குக் குடிகாரர்களின் வசவையும் வாங்கிக்கொண்டு உழைப்பவர்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்று நம்மவர்கள் சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வரும்.

இனி லெஸ்டருக்கு வருவோம். அங்கே போன இந்தியர்களில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து நேராக வந்தவர்களே அல்ல. கென்யா, உகாண்டாவில் கடை வைத்திருந்த, அரசு அலுவலகத்தில் கணக்கெழுதிய குஜராத்திகள், பஞ்சாபிகள். 1972 ஆகஸ்டில் உகாண்டா அதிபர் இடி அமீன் 90 நாள் கெடு கொடுத்துத் துரத்தியபோது சுமார் 28,000 பேர் பிரிட்டனுக்கு வந்தார்கள். இங்கே வராதீர்கள் என்று லெஸ்டர் நகரசபையே உகாண்டா பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. இருந்தும் வந்தார்கள். சொத்து, கடை, பேங்க் கணக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள், அந்த வலியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இங்கிலீஷ் பள்ளிக்கூடப் படிப்பு கூட வந்தது. கடை நடத்தும் பழக்கம் வந்தது. புருஷன், மனைவி, பிள்ளைகள், தாத்தா பாட்டி என்று குடும்பத்தோடு வந்தார்கள். திரும்பிப் போக ஊர் இல்லை என்று முதல் நாளே தெரியும். அதனால் சம்பாதித்ததை இங்கேயே போட்டார்கள். பெண்களும் உடனே தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். 1976இல் லண்டன் கிரன்விக் ஃபோட்டோ ஆலை வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஜெயாபென் தேசாய் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குஜராத்திப் பெண்மணிதான். ஒரு வீட்டில் இரண்டு சம்பளம் வந்தால் இருபது வருஷத்தில் அந்த வீடு எங்கே போய் நிற்கும் என்று நமக்கே தெரியும்.

மூன்றாவது வகை நாம். டாக்டர், நர்ஸ், ஐடி. நம்மை விசா சல்லடை போட்டுச் சலித்துத்தான் உள்ளே விட்டது. பாகிஸ்தானிலிருந்தும் டாக்டர்கள் நிறைய வந்திருக்கிறார்கள், உங்கள் வார்டிலேயே பார்ப்பீர்கள். அவர்கள் பிள்ளைகளும் நம் பிள்ளைகள் மாதிரியே படிக்கிறார்கள். ஆனால் மில்லுக்கு வந்த கூட்டம் பெரிது என்பதால் சராசரியில் இவர்கள் கரைந்துபோகிறார்கள். நம் பக்கம் அது தலைகீழ். படித்து வந்தவர்கள் வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள், சராசரியும் ஏறிக்கொண்டே போகிறது.

"சரி அக்கா, ஜலந்தர் பக்கத்துச் சீக்கியர்களும் விவசாயிகள்தானே, அவர்கள் எப்படி முன்னேறினார்கள்" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அவர்கள் இறங்கிய இடம் சவுத்ஹால், வுல்வர்ஹாம்ப்டன், ஸ்மெத்விக். சவுத்ஹாலுக்குப் பக்கத்தில் ஹீத்ரோ. ஆலை மூடினாலும் விமான நிலையம் மூடவில்லை. அந்தப் பெண்களும் வேலைக்குப் போனார்கள். மீர்பூர்க் குடும்பங்களிலோ கல்யாணம் பெரும்பாலும் ஊரில் சொந்தத்துக்குள்தான். ஒவ்வொரு தலைமுறையிலும் அப்பாவோ அம்மாவோ புதிதாக வந்திறங்கியவர், மொழியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இது அந்தச் சமூகமே உள்ளுக்குள் பேசும் விஷயம், மாறியும் வருகிறது. பிராட்ஃபோர்டில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், பாகிஸ்தானிய வம்சத் தாய்மார்களில் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள் 62 சதவீதத்திலிருந்து பத்து வருஷத்தில் 46 ஆக இறங்கியிருக்கிறார்கள். சொந்தத்தில் கட்டுவது நம் திருநெல்வேலிப் பக்கமும் இல்லாததா என்ன?

மதம் காரணமா என்று கேட்டீர்கள். ஒரு விதத்தில் ஆம், நீங்கள் நினைக்கும் விதத்தில் அல்ல. வேலைக்கு விண்ணப்பம் போட்டால் பெயரைப் பார்த்தே ஒதுக்குகிறார்கள். ஒரே தகுதியோடு பொய் விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்த ஆய்வொன்று 2019இல் வந்தது. வெள்ளைக்காரப் பெயருக்கு வரும் அதே அளவு பதில் வர, பாகிஸ்தானியப் பெயருள்ளவர் 70 சதவீதம் கூடுதலாக விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. மதம் பிள்ளைகளைப் படிக்க விடாது என்பவர்கள் லண்டன் டவர் ஹாம்லெட்ஸைப் பார்க்கட்டும். அங்கே இருப்பவர்கள் சில்ஹெட்டிலிருந்து வந்த வங்கதேச முஸ்லிம்கள். மீர்பூர்க்காரர்களைவிட ஏழைகளாக வந்தவர்கள். லண்டன் பள்ளிகளுக்கு 2003 முதல் பணமும் கவனமும் கிடைத்தது. இன்றைக்கு வங்கதேசப் பிள்ளைகள் பதினாறு வயதுத் தேர்வில் வெள்ளைக்காரப் பிள்ளைகளைத் தாண்டிப் போகிறார்கள். பிராட்ஃபோர்டுக்கும் இன்னொரு மில் ஊரான ஓல்டமுக்கும் அந்த அளவு கவனம் அப்போது கிடைக்கவில்லை. ஆள் மாறவில்லை, ஊர் மாறியது.

மீர்பூர் வம்சத்தில் வந்த ஷபானா மஹ்மூத் பர்மிங்ஹாமில் பிறந்து, சட்டம் படித்து, 2025இல் உள்துறை அமைச்சரானார். பஸ் டிரைவர் மகன் சாதிக் கான் 2016இல் லண்டன் மேயரானார். இன்னொரு பஸ் டிரைவர் மகன் சாஜித் ஜாவித் நிதியமைச்சர் வரை போனார். தனி ஆட்களைக் காட்டி ஒரு சமூகத்தை அளக்க முடியாது என்பது சரிதான், ஆனால் மதம் முடக்கிப் போட்டுவிட்டது என்று சொல்பவர்கள் இவர்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

லெஸ்டரையும் சொர்க்கம் என்று நினைக்காதீர்கள். அங்கே தையல் ஆலைகளில் சட்டப்படியான கூலியில் பாதிகூடக் கிடைக்காமல் வேலை பார்த்தவர்களில் முன்பு போர்ச்சுகல் ஆண்ட டாமன், டையூவிலிருந்து போர்ச்சுகல் பாஸ்போர்ட்டில் வந்த இந்தியர்கள் உண்டு. இந்தியர் என்ற ஒரே கட்டத்துக்குள் அவர்களும் அடக்கம், ஹாரோ டாக்டரும் அடக்கம்.

நம் ஆட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர், சேலம், திருச்சிப் பக்கத்திலிருந்து கங்காணி பிடித்துப்போய் மலாயா ரப்பர் தோட்டத்தில் விட்ட தமிழர்கள் இருக்கிறார்கள். தோட்டத்தில் லயத்து வீடு, தோட்டத்துப் பள்ளிக்கூடம், தோட்டத்து வேலை. பின்னால் தோட்டங்களை வீட்டுமனைக்கு விற்றபோது வீடு, வேலை இரண்டும் ஒன்றாகப் போய் நகரத்து ஓரங்களில் வந்து விழுந்தார்கள். பேரப்பிள்ளைகள் இன்றும் அதிலிருந்து மேலே வரப் போராடுகிறார்கள். அவர்களைப் பார்த்து உங்கள் பண்பாடே சரியில்லை என்று யாராவது சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? சாச்சாவின் கதையும் அதே கதைதான். விசா வாங்கி விமானத்தில் வந்திறங்கிய நமக்கு அவரை எடைபோட உரிமை இல்லை.

சாச்சாவின் பேத்தி பிராட்ஃபோர்டு யுனிவர்சிட்டியில் பார்மசி முடித்துவிட்டு எங்கள் கடையிலேயே பயிற்சிக்கு வந்தாள். இப்போது லீட்ஸில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். அவளுக்கு இரண்டு வருஷம் முன்னால் படித்தவன் ஒருவன் எத்தனையோ நேர்காணலுக்குப் போய்விட்டு இன்னும் அப்பாவின் டாக்ஸியைத்தான் ஓட்டுகிறான். இரண்டும் ஒரே தெருவில் நடக்கின்றன.

இனி வீடு. அந்தத் தெருவில் அக்கம்பக்கம் நல்ல துணை. நோன்பு மாதத்தில் சாயங்காலம் ஒரு தட்டு பக்கோடா வராமல் இருக்காது. நீங்கள் நைட் ஷிஃப்ட் போகும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டு அம்மா வந்து நிற்பார், ஹாரோவில் அது நடக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். குறைகளும் இருக்கின்றன. தெருவில் கார் வேகமாக ஓட்டும் பையன்கள் உண்டு, வீடுகள் பழசு, ஈரம் ஏறும். குளிர்காலத்துக்கு முன் பின்பக்கச் சுவரையும் பாய்லரையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பள்ளிக்கூடத்தை ஏரியாப் பெயர் வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒவ்வொரு பள்ளிக்கும், பள்ளிகளைச் சோதிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் அறிக்கை இணையத்திலேயே இருக்கிறது, நேரில் போய்ப் பார்க்கவும் விடுவார்கள். வகுப்பில் யார் எந்த நிறம் என்று எண்ணாதீர்கள், தலைமையாசிரியர் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார், ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்று கேளுங்கள். மூன்று வயது முடிந்த பிள்ளைக்கு அடுத்த பருவத்திலிருந்து வாரம் 15 மணி நேரம் நர்சரி இலவசம், விசாவைப் பார்க்க மாட்டார்கள், உடனே பதிந்துவிடுங்கள். வருகிற செப்டம்பரில் ரிசப்ஷன் வகுப்பு (பள்ளியின் முதல் வகுப்பு) என்றால் விண்ணப்பத்துக்கு ஜனவரி 15 கடைசி நாள். அதற்குள் வாடகை ஒப்பந்தமும் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி) கடிதமும் உங்கள் பெயரில் வந்திருக்க வேண்டும், முகவரிக்கு அதைத்தான் ஆதாரமாகக் கேட்பார்கள்.