காதல் வெறியும் மறைத்து வைத்த ரகசியமும் சேர்ந்த உளவியல் த்ரில்லர் கதைகளில் உங்களை அதிகம் உலுக்கியது எது? ஏன்?

கேள்வியைப் பார்த்ததுமே மனதில் வந்து நின்ற பெயர் 'ரெபெக்கா'. டாஃப்னி டு மோரியர் எழுதி 1938இல் வெளிவந்த ஆங்கில நாவல். 19 வயதில் கல்லூரி நூலகத்தில் எடுத்துப் படித்தபோது அதை ஒரு நல்ல காதல் கதை என்றுதான் நினைத்தேன். 44 வயதில் மறுபடி படித்தபோது, ஒரு இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அந்த இடம் எது, ஏன் அப்படி ஆனது என்பதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன். முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். கதை தெரியாமல் படிக்க ஆசைப்படுபவர்கள் முதலில் நாவலைப் படித்துவிட்டு வாருங்கள்.

கதையைச் சொல்லும் பெண்ணுக்குக் கடைசிவரை பெயர் கிடையாது. அப்பா அம்மா இல்லாத, சுமார் 21 வயதுப் பெண். ஒரு பணக்கார அம்மாளுக்குத் துணையாக மான்டி கார்லோ போன இடத்தில், மனைவியை இழந்த மேக்சிம் டி விண்டரைச் சந்திக்கிறாள். அவருக்கு இவளைப்போல இரண்டு மடங்கு வயது. சட்டென்று திருமணம் முடிந்து, இங்கிலாந்தில் கடலோரத்தில் இருக்கும் மாண்டர்லி என்ற அவருடைய மாளிகைக்கு வந்து சேர்கிறாள். அங்கே எங்கு திரும்பினாலும் செத்துப்போன முதல் மனைவி ரெபெக்காவின் வாசனை. அவள் எழுத்து, அவள் நாற்காலி, அவள் வைத்த முறைப்படி நடக்கும் சமையல். பெயர் உள்ளவள் இறந்துவிட்டாள், உயிரோடு இருப்பவளுக்குப் பெயர் இல்லை. இந்த ஒரு ஏற்பாட்டிலேயே டு மோரியர் பாதிக் கதையைச் சொல்லி முடித்துவிட்டார்.

வந்த மறுநாள் காலையில் நடக்கும் ஒரு சின்ன விஷயம். ரெபெக்கா கடிதம் எழுதும் அறையில் இவள் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்குள்ளேயே பேசும் தொலைபேசி அடிக்கிறது. "மிஸஸ் டி விண்டரா?" என்று ஒரு குரல். இவள் பதறிப்போய், "தப்பா கூப்பிட்டுட்டீங்க, மிஸஸ் டி விண்டர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்கிறாள். அந்தக் குரல் மறுபடி அதே பெயரைச் சொன்ன பிறகுதான் உறைக்கிறது, தான்தானே மிஸஸ் டி விண்டர் என்று. 19 வயதில் இதைப் படித்து இந்தப் பெண்ணுக்காகப் பரிதாபப்பட்டேன். இப்போது படித்தால் முதுகு சில்லிடுகிறது. இவளை யாரும் விரட்டவில்லை. தன் இடத்தைத் தானே காலி செய்து செத்தவளிடம் கொடுக்கிறாள்.

இந்த நாவலில் காதல் வெறி என்றால் எல்லோரும் வீட்டு நிர்வாகி மிஸஸ் டான்வர்ஸைத்தான் சொல்வார்கள். நியாயம்தான். ரெபெக்காவின் படுக்கையறையை ஒரு தூசு படாமல் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறாள். கடைசியாகப் போட்ட இரவு உடையைத் துவைக்காமல் உறைக்குள் வைத்திருந்து, புது மனைவியைக் கூட்டிவந்து தொட்டுப் பார்க்கச் சொல்கிறாள். பிறகு ஒருநாள், 'உன்னை இங்கே யாருக்கும் வேண்டாம், கீழே குதித்துவிடேன்' என்று ஜன்னலோரம் நிறுத்தி மெதுவாக, ஏறக்குறைய அன்பாகவே, காதோரம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த நேரம் கடலில் ஒரு கப்பல் தரைதட்டி வெடிச்சத்தம் கேட்காமல் இருந்திருந்தால் இவள் குதித்திருப்பாள். படித்தவர்கள் யாரும் மறக்கமுடியாத காட்சி.

ஆனால் என் மனதில் டான்வர்ஸ் இரண்டாம் இடம்தான். இந்தக் கதையில் பெரிய வெறி, கதை சொல்பவளின் வெறி. தலைகுனிந்து நடக்கிற, வேலைக்காரர்களிடம்கூட மன்னிப்புக் கேட்கிற, பீங்கான் பொம்மையை உடைத்துவிட்டுப் பயந்து துண்டுகளை ஒளித்து வைக்கிற பெண் என்பதால் நமக்கு அது கண்ணிலேயே படாது. திருமணப் பேச்சு வந்த அன்றைக்கே, இன்னும் மாண்டர்லியைக் கண்ணால் பார்க்கும் முன்பே, அவள் ஒரு காரியம் செய்கிறாள். மேக்சிம் கொடுத்த கவிதைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ரெபெக்கா கையெழுத்திட்டிருக்கிறாள். நகம் வெட்டும் கத்திரியால் அந்தப் பக்கத்தை அரவம் இல்லாமல் வெட்டி எடுக்கிறாள். துண்டு துண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போடுகிறாள். அப்படியும் மனம் ஆறாமல் தீக்குச்சி கிழித்துக் கொளுத்துகிறாள். ரெபெக்கா என்ற பெயரின் முதல் எழுத்துதான் கடைசியாக எரிகிறது. எரிவதற்கு முன் சுருண்டு ஒரு கணம் முன்னைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

அதற்குப் பிறகு அவள் செய்வதெல்லாம் அந்தக் கணத்தின் தொடர்ச்சி. பழைய மழைக்கோட்டுப் பையில் கிடைத்த கைக்குட்டையை முகர்ந்து பார்க்கிறாள். ரெபெக்கா எப்படிச் சிரித்திருப்பாள், எப்படி மாடிப்படி இறங்கியிருப்பாள் என்று மணிக்கணக்கில் கற்பனை செய்கிறாள். கணவரின் முகம் இருண்டால் அது ரெபெக்காவின் நினைவு. அவர் பேசாமல் இருந்தால் அதுவும் ரெபெக்கா. டான்வர்ஸாவது பழகிய ஒருத்தியை நினைத்து உருகுகிறாள். இவள் முகம்கூடத் தெரியாத ஒருத்தியை இரவும் பகலும் உட்கார்ந்து தானே வளர்த்து ஆளாக்குகிறாள்.

அதனால்தான் இந்த வகைக் கதைகளுக்கு ரகசியம் இவ்வளவு அவசியப்படுகிறது என்று நினைக்கிறேன். திருப்பத்துக்காக மட்டும் என்றால் எந்தத் துப்பறியும் கதையிலும் ரகசியம் உண்டு. இங்கே வெறிக்குச் சாப்பாடே அதுதான். மேக்சிம் வாய் திறந்து பத்து நிமிடம் பேசியிருந்தால் இவளுக்குள் இருந்த ரெபெக்கா அன்றே செத்திருப்பாள். அவர் பேசாத ஒவ்வொரு நாளும் அந்த ரெபெக்கா ஒரு சுற்றுப் பெரிதாகிறாள்.

டு மோரியர் இதைக் காற்றிலிருந்து எடுக்கவில்லை. ராணுவ அதிகாரியான கணவரோடு எகிப்தில் அலெக்சாண்டிரியாவில் இருந்தபோது 1937இல் எழுதத் தொடங்கிய நாவல் இது. கணவருக்கு இவருக்கு முன் இன்னொரு பெண்ணோடு நிச்சயமாகியிருந்தது. அந்தப் பெண்ணின் பழைய கடிதங்களைப் பார்த்து அவர் மனம் கலங்கியதாக வாழ்க்கை வரலாற்றாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பதிப்பகம் காதல் கதை என்று விளம்பரப்படுத்தியது. அவரோ அதைப் பொறாமையைப் பற்றிய கதையாகத்தான் பார்த்தார். மாண்டர்லிக்கு மாதிரியாக இருந்தது கார்ன்வாலில் உள்ள மெனபில்லி என்ற வீடு. அதையே பின்னர் 1943இல் குத்தகைக்கு எடுத்து 1969 வரை அங்கேயே வாழ்ந்தார். தான் கட்டிய கற்பனை வீட்டுக்குள் தானே குடியேறி கால் நூற்றாண்டு இருந்திருக்கிறார்!

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன். கடலுக்கடியில் ரெபெக்காவின் படகு கிடைக்கிறது, உள்ளே ஒரு உடல். மேக்சிம் மனைவியிடம் உண்மையைச் சொல்கிறார். படகு கவிழ்ந்து அவள் சாகவில்லை, நான்தான் சுட்டேன், உடலைப் படகில் வைத்து ஓட்டை போட்டு மூழ்கடித்தேன் என்கிறார். அவளை நான் நேசித்ததே இல்லை, வெறுத்தேன் என்றும் சொல்கிறார். ஒரு மனிதன் தன் மனைவியைக் கொன்றேன் என்று சொல்லும்போது கேட்கிறவளுக்கு என்ன தோன்ற வேண்டும்? இவள் மனதில் ஓடுவது ஒன்றே ஒன்று: அவர் ரெபெக்காவை நேசிக்கவில்லை. மனம் லேசாகிறது, பயம் போகிறது. அன்றுதான் அவள் பெரியவளாகிறாள், அடுத்த நாளே வேலைக்காரர்களை அதட்டி வேலை வாங்குகிறாள்.

19 வயதில் இந்தப் பக்கத்தைப் படித்து நானும் 'அப்பாடா' என்று மூச்சுவிட்டேன். சத்தியமாக அப்படித்தான். பிறகு விசாரணை நடக்கும்போது மேக்சிம் மாட்டிக்கொள்ளக்கூடாதே என்று நகம் கடித்தேன். ரெபெக்காவுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது, தன்னைச் சுடவைக்கவே அவள் இன்னொருவன் பிள்ளை வயிற்றில் இருப்பதாகப் பொய் சொன்னாள் என்று தெரிந்தபோது, 'அப்படியென்றால் சரிதான்' என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நாவலை விடாமல் படிக்கும் லட்சக்கணக்கான பேரில் பெரும்பாலோர் இப்படித்தான் இருந்திருப்பார்கள். ரெபெக்கா கெட்டவள் என்று நமக்குச் சொன்னது யார்? அவளைக் கொன்றவர். அதை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தது யார்? அவரை விட்டால் வேறு நாதியில்லாதவள். செத்தவளுக்குப் பேச வாய்ப்பே இல்லை. ஒருத்தியின் வெறியை முந்நூற்றுச் சொச்சம் பக்கம் உள்ளேயிருந்து பார்த்த நாம், அது நம்முடையதாகவே ஆகிவிட்டதைக் கவனிக்கவில்லை.

1940இல் ஹிட்ச்காக் படமாக எடுத்தபோது இந்த இடத்தைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. மனைவியைக் கொன்றவன் தண்டனை இல்லாமல் தப்பக்கூடாது என்பது அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி. அதனால் படத்தில் ரெபெக்கா தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டுச் சாகிறாள். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய நல்ல படம்தான். ஆனால் படம் பார்ப்பவருக்குக் குற்றவுணர்ச்சிக்கு வேலையே இல்லை. அதனால் நாவலின் முதுகெலும்பு அதில் இல்லை என்பது என் எண்ணம்.

இதற்கு நேர் எதிரான கட்டுமானம் வேண்டுமென்றால் ஜான் ஃபவுல்ஸ் 1963இல் எழுதிய 'தி கலெக்டர்' படியுங்கள். பட்டாம்பூச்சி பிடித்து ஊசி குத்திச் சேகரிக்கும் ஒரு குமாஸ்தாவுக்குப் பந்தயத்தில் பெரும்பணம் கிடைக்கிறது. ஊருக்கு வெளியே வீடு வாங்கி, தூரத்தில் இருந்தே பார்த்து உருகிய ஓவியக் கல்லூரி மாணவியைக் கடத்தி நிலவறையில் அடைக்கிறான். வேண்டியதெல்லாம் வாங்கித் தருகிறான், நான் கெட்டவன் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவன் சொன்ன அதே நாட்களை அவளுடைய நாட்குறிப்பும் சொல்கிறது. அவளுக்கும் ஒரு வாய் கொடுத்தார் ஃபவுல்ஸ். அதனால் வாசகர் அவன் பக்கம் சாயவே முடியாது. ரெபெக்காவுக்கு அப்படி ஒரு நாட்குறிப்பு இருந்திருந்தால் நாம் எந்தப் பக்கம் நின்றிருப்போம் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

நம் மொழியில் இதற்கெல்லாம் பெயர் இல்லாமல் இல்லை. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாத, அளவு மீறிய காமத்தைப் பெருந்திணை என்றும் ஐந்திணைக்கு வெளியே வைக்கிறது தொல்காப்பியம். பெருந்திணையின் கூறுகளில் ஒன்று 'தேறுதல் ஒழிந்த காமத்து மிகுதிறம்'. எதைச் சொல்லியும் தெளியவைக்க முடியாத அளவுக்கு முற்றிய ஆசை. இன்றைக்கோ 'அவன் ரொம்ப பொசசிவ்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கத்திரியும் தீக்குச்சியும்தான் நினைவுக்கு வரும்.

என் கதைக்கு வருகிறேன். கல்யாணமான புதிதில் கணவரின் அலமாரியைத் துடைக்கும்போது பாரதியார் கவிதைகள் பழைய பிரதி ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்தில் பச்சை மையில் 'பிறந்தநாள் வாழ்த்துகளுடன், வ.' என்று எழுதியிருந்தது. அழகான பெண் கையெழுத்து. 'வ'வின் வால் மட்டும் கொஞ்சம் நீளமாக இழுத்திருந்தது. நான் கேட்கவில்லை. கேட்காமலே வருஷக்கணக்கில் அவளோடு குடும்பம் நடத்தினேன். கல்யாண வீடுகளில் 'வ'வில் தொடங்கும் பெயரோடு யாராவது வந்து அவரிடம் சிரித்துப் பேசினால் வீடு வரும்வரை எனக்குத் தொண்டை அடைக்கும். அவர் ஜன்னலோரம் சும்மா நின்றால் அவளைத்தான் நினைக்கிறார் என்று முடிவு செய்துவிடுவேன். நல்ல மனிதர், ஒரு குறை வைத்ததில்லை. அந்த நல்ல குணத்துக்குக்கூட அவள்தான் காரணமோ என்று நினைத்த நாட்கள் உண்டு.

மகள் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள், வீட்டுக்கு வெள்ளையடிக்கப் புத்தகங்களை எல்லாம் இறக்கினோம். அந்தப் புத்தகம் என் கைக்கே வந்தது. "என்னங்க, இந்த 'வ' யாரு?" என்று கேட்டேன். குரல் எப்படி இருந்ததோ தெரியவில்லை. வாங்கிப் பார்த்தார். "கூடப் படிச்ச பொண்ணும்மா. எனக்குப் பிடிச்சிருந்தது, சொல்லத் தைரியம் வரல. பாவம், மஞ்சள் காமாலையில போய்ச் சேர்ந்து பதினஞ்சு வருஷம் இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த கட்டைத் தூக்கப் போய்விட்டார்.

எனக்கு முதலில் தோன்றியது 'அப்பாடா'. இரக்கமோ வருத்தமோ அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் நானாக வரவழைத்தது. சின்ன வயதில் செத்துப்போன ஒரு பெண், எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவள், இல்லை என்று தெரிந்ததும் என் மார்பில் இருந்து ஒரு பாரம் இறங்கியது. அந்த வாரம்தான் 'ரெபெக்கா'வை மறுபடி எடுத்தேன். மேக்சிம் உண்மையைச் சொல்லும் பக்கத்தில், அவளுக்கு மனம் லேசாகும் அந்த வரியில், என் 'அப்பாடா' அப்படியே அச்சில் இருந்தது. அங்கேதான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

மனநல மருத்துவத்தில் இதற்கெல்லாம் வகைகள் உண்டு. முன்பின் பழக்கமில்லாதவர் தன்னைக் காதலிப்பதாக உறுதியாக நம்பும் நிலைக்கு, 1921இல் அதை விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவர் கிளேராம்போவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். துணை துரோகம் செய்வதாகக் கண்மூடித்தனமாகச் சந்தேகப்படுவதை ஒத்தெல்லோ நோய் என்கிறார்கள். மாண்டர்லிக்கு வந்த பெண் இந்த இரண்டிலும் அடங்கமாட்டாள். அவள் நோயாளி இல்லை. அதனால்தான் அவளை என்னால் தள்ளி நிறுத்திப் பார்க்க முடியவில்லை.

பாரதியார் இன்றும் அதே அலமாரியில்தான் இருக்கிறார், முதல் பக்கத்தோடு. 'வ'வின் முழுப்பெயரைப் போன மாதம் கணவரிடம் கேட்டேன். சொன்னார். அவளுக்கு என்னென்ன பாட்டு பிடிக்கும் என்றும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதெல்லாம் தெரியாதும்மா, அவ்வளவு பேசினதே இல்ல" என்றார்.