மாயன்கள் எங்கும் போய்விடவில்லை

கேள்வி: ஹூஸ்டனில் வேலை பார்க்கும் என் மகள், மெக்சிகோவில் துலும் என்ற ஊர்க் கடற்கரையில் ‘பாரம்பரிய மாயன் திருமணம்’ செய்துகொள்ளப் போகிறேன் என்கிறாள். பூசாரி முதல் பூ வரை ஹோட்டல்காரர்களே ஏற்பாடு செய்துவிடுவார்களாம். மாயன்கள் அழிந்துபோன இனம் ஆயிற்றே, அவர்கள் சடங்கில் போய்க் கல்யாணம் செய்வது அபசகுனம் இல்லையா?
வாசகி, திருச்சி

பதில்: அபசகுனம் ஒன்றும் இல்லை அம்மா. ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு சொல் தப்பு. அதைத் திருத்தாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. மாயன்கள் அழிந்துபோகவில்லை.

துலும், கான்கூன் எல்லாம் யுகத்தான் தீபகற்பத்தில் இருக்கின்றன. அந்த மண்ணின் மாயா மொழியைப் பேசுகிறவர்கள் 2020 கணக்கெடுப்பின்படி மெக்சிகோவில் 7,70,000 பேருக்கும் மேல். பக்கத்துக் குவாத்தமாலாவில் வேறு மாயா மொழிகள் பேசும் மக்கள் பல லட்சம். உங்கள் மகள் தங்கப்போகிற மாதிரியான ஹோட்டல்களில் அறையைப் பெருக்குகிறவர், அடுப்படியில் நிற்கிறவர், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவர் என்று பலரும் உள்கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்த மாயா மக்கள்தான். 9-ஆம் நூற்றாண்டு வாக்கில் தெற்கே பெரிய நகரங்கள் பல காலியாயின. நகரங்கள் காலியாயின, ஜனங்கள் இருந்தார்கள்.

அவர்களை ஒழிக்கப் பார்த்தது மட்டும் உண்மை. 1562 ஜூலையில் மானி என்ற ஊரில் தியெகோ தே லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் மாயா ஏடுகளைக் குவித்துத் தீ வைத்தார். உலகம் முழுக்கத் தேடினாலும் இன்று மிஞ்சியிருப்பவை நான்கே நான்கு. 1847-ல் மாயா மக்கள் ஆயுதம் தூக்கினார்கள். 1901-ல்தான் மெக்சிகோ ராணுவம் அவர்களுடைய தலைநகரைப் பிடித்தது. ஃபெலிப்பே கார்ரியோ புவெர்த்தோ என்று இன்று பெயர் மாறியிருக்கும் அந்த ஊர், துலுமிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கான்கூனோ, 1970 வாக்கில் மெக்சிகோ அரசு சுற்றுலாவுக்கென்றே கட்ட ஆரம்பித்த ஊர்.

இவ்வளவு எதற்குச் சொல்கிறேன் என்றால், அழிந்துபோனவர்கள் என்று ஒரு தடவை முடிவுகட்டிவிட்டால் அவர்கள் பொருளை எடுக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. விலை போட்டு விற்கலாம். ஆட்சேபிக்க ஆள் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். என் கோபம் இதில்தான். உங்கள் மகள் மேல் இல்லை.

சரி, சடங்குக்கு வருவோம். பெரும்பாலும் சங்கு ஊதுவார்கள். கோபல் என்ற மரப்பிசினை நெருப்பில் இட்டு, சாம்பிராணி போலப் புகை காட்டுவார்கள். நான்கு திசைக்கும் நிறம் வைத்து ஒரு பீடம் அமைப்பார்கள்: கிழக்குக்குச் சிவப்பு, வடக்குக்கு வெள்ளை, மேற்குக்குக் கறுப்பு, தெற்குக்கு மஞ்சள், நடுவில் பச்சை. இந்த நிறங்களும் புகையும் பொய் இல்லை, மிகப் பழமையானவை. ஆனால் அவை வாழும் இடம் வேறு. மழை பெய்யாத வருடத்தில் கிராமத்து ஆண்கள் சோளக் கொல்லைப் பக்கம் கூடி, சாக் என்ற மழைத் தெய்வத்தை அழைக்கிறார்கள். மண்ணைத் தோண்டிய குழியடுப்பில் சோள ரொட்டி சுடுகிறார்கள். பால்ச்சே மரப்பட்டையைத் தேனில் ஊறவைத்த பானத்தைப் படைக்கிறார்கள். நடத்தி வைப்பவருக்கு ஹ்மென் என்று பெயர், ‘செய்கிறவர்’ என்று பொருள். ஹோட்டல் விளம்பரம் அவரை ‘ஷாமன்’ என்கிறது. அது சைபீரியாவிலிருந்து வந்த சொல். மழைக்காகக் கொல்லையில் நடப்பதிலிருந்து நாலு துண்டை எடுத்து, மணலில் வைத்துக் கல்யாணம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

மாயா கல்யாணம் எப்படி நடந்தது என்பதற்கு, ஏட்டை எரித்த அதே லாந்தாவின் குறிப்புதான் நமக்குச் சாட்சி. எனக்கு இது நெஞ்சை அறுக்கும் விஷயம். பெண் பார்க்கத் தரகர் உண்டு. கல்யாணம் பெண்ணின் அப்பா வீட்டில், விருந்தோடு நடக்கும். அப்புறம் மாப்பிள்ளை ஐந்தாறு வருடம் மாமனார் வீட்டோடு இருந்து உழைக்க வேண்டும். இன்றைய கிராமங்களில் மாப்பிள்ளை வீட்டார் ரொட்டியும் சாக்லேட்டும் மதுவும் எடுத்துக்கொண்டு பெண் கேட்டு வருவதும், பெண்ணுக்குத் தங்கச் சங்கிலி முதலான சீர் வைப்பதும் அந்த மரபின் தொடர்ச்சி. கத்தோலிக்கர் நிறைய இருப்பதால் மாதா கோயிலில் திருமணம். பெண்கள் பூவேலைப்பாடு செய்த துணி உடுத்தி, ஹரானா ஆடுவார்கள். கருக்கிய மிளகாயில் வான்கோழிக் குழம்பு கொதிக்கும். இதில் கடற்கரை எங்கே வருகிறது, சொல்லுங்கள்.

கடற்கரையில் கல்யாணம் செய்யட்டும், அழகான கடல் அது. ஆனால் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சர்காசம் என்ற பழுப்புப் பாசி கரையில் ஒதுங்கி அழுகி நாறும் நாட்கள் உண்டு, தேதி குறிக்கும்போது கவனம். இன்னொன்று, அந்தச் சடங்கு சட்டப்படி திருமணம் ஆகாது. 1859-ல் வந்த சட்டத்திலிருந்து மெக்சிகோவில் அரசுப் பதிவாளர் முன் நடப்பது மட்டும்தான் செல்லும். அமெரிக்காவிலேயே பதிவு செய்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

மாயா ஆசீர்வாதமும் வேண்டும் என்று அவள் உண்மையாகவே விரும்பினால், ஹோட்டலிடம் கேட்க வேண்டியதைக் கேட்கட்டும். நடத்தி வைப்பவர் எந்த ஊர்க்காரர்? மாயா மொழி பேசுவாரா? நாம் கொடுக்கும் பணத்தில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது? பூர்வகுடிகளின் பண்பாட்டுச் சொத்தை அவர்கள் சம்மதமில்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2022-ல் மெக்சிகோ ஒரு தேசியச் சட்டமே போட்டிருக்கிறது. ஆகவே இந்தக் கேள்விகளை அதிகப்பிரசங்கித்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. பதில் சொல்லத் தயங்கினால், சடங்கை விட்டுவிட்டு வெறும் கல்யாணமாகச் செய்யட்டும். பதில் சரியாக இருந்தால் அந்த மனிதரை மரியாதையாக அழைத்து, அவருக்கு நேராகவே காணிக்கை கொடுத்து, குடும்பத்தோடு பந்தியில் உட்கார வைக்கட்டும். அழைப்பிதழில் மட்டும் ‘பாரம்பரிய மாயன் திருமணம்’ என்று போட வேண்டாம்.

யுகத்தான் மாயா மொழியில் கல்யாணம் ஆவதை ‘ட்ஸோகோல் பேல்’ என்பார்கள். ‘பேல்’ என்றால் பாதை. பாதை நிறைவுறுகிறது என்று அர்த்தம். நலம் விசாரிக்கும்போதும் ‘பிஷ் ஆ பேல்’, உன் பாதை எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். இந்த இரண்டையும் மகளுக்கு எழுதி அனுப்புங்கள். உச்சரிப்பை அறையைப் பெருக்க வரும் அம்மாளிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளட்டும்.