தயிர் இல்லாத சாப்பாடு சாப்பாடா?

போன இதழில் என் மகள் பாலை விட்ட கதையை ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை பக்கம் முழுக்க.

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் திடீரென்று வீகன் ஆகிவிட்டான். பால், தயிர், நெய், தேன் எதையும் தொடமாட்டேன் என்கிறான். லீவுக்கு ஒரு வாரம் வரப்போகிறான். எதைச் சமைத்துப் போடுவது அக்கா? யோசித்தாலே தலை சுற்றுகிறது.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: எனக்கும் சுற்றியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மகள் இதே குண்டைப் போட்டபோது, முதலில் கோபம்தான் வந்தது. 'இருபத்தாறு வருஷம் பசும்பால் குடித்து வளர்ந்தவள்தானே?' என்று கேட்டும் விட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. அப்புறம் ஒரு காரியம் செய்தேன். மளிகைக் கணக்கு எழுதும் நோட்டில், அந்த வாரம் வீட்டில் என்னென்ன செய்தேன் என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். இட்லி, தோசை, கத்தரிக்காய் கொத்சு, வத்தக்குழம்பு, பருப்பு ரசம், புடலங்காய்ப் பொரியல், எள்ளுத் துவையல், தட்டைப்பயறு சுண்டல் என்று மொத்தம் 34 வந்தது. அதில் பால் பொருள் சேர்ந்தவை ஆறே ஆறு: காப்பி, தயிர், மோர்க்குழம்பு, அவியல், பருப்புச் சாதத்தில் விட்ட நெய், வெள்ளிக்கிழமைப் பாயசம். மிச்சம் இருபத்தெட்டையும் பெயர் தெரியாமலே வீகனாகத்தான் சமைத்திருக்கிறேன். வீகன் என்ற சொல்லே 1944-இல் இங்கிலாந்தில் பிறந்தது. நம் வத்தக்குழம்பு அதற்கெல்லாம் காத்துக்கொண்டிருக்கவில்லை.

ஆகவே நீங்களும் ஒரு நோட்டை எடுங்கள். பாலுள்ள அந்த ஆறை மட்டும் கவனித்தால் போதும். பருப்புச் சாதத்துக்கு நெய்க்குப் பதில் நல்லெண்ணெய். செக்கில் ஆட்டியதாக இருந்தால் நெய்யை யாரும் தேடமாட்டார்கள். அவியலுக்குத் தயிர் வேண்டாம். நாகர்கோவில் பக்கம் புளிப்புக்கு மாங்காய் போட்டே அவியல் வைப்பார்கள், இறக்கும்போது தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும். மோர்க்குழம்புக்கு அரைக்கிற அதே துவரம்பருப்பு, பச்சரிசி, தேங்காய், சீரகம், பச்சைமிளகாயை அரைத்து, மோர் விடுகிற இடத்தில் வேகவைத்து மசித்த புளிப்பு மாங்காயைச் சேருங்கள். பாயசத்துக்குத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் இருக்கவே இருக்கிறது. தயிருக்கு வேர்க்கடலைத் தயிர் இருக்கிறது, கீழே சொல்கிறேன். காப்பியை மட்டும் விட்டுவிடுங்கள். அதை அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கருப்பட்டி போட்ட வரக்காப்பி பழகிக்கொண்டால் நல்லது.

சத்துக்கு என்ன செய்வான் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நினைத்திருப்பீர்கள். ஒரு டம்ளர் பாலில் சுமார் 6 கிராம் புரதம். ஒரு கைப்பிடிக்குச் சற்றுக் கூடுதலாக, 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் ஏறக்குறைய 10 கிராம். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு: 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. சாயங்காலம் சுண்டலும், காலையில் கேழ்வரகு தோசையும் வைத்தால் உங்கள் கவலை பாதி தீரும்.

கேள்வி: திருநெல்வேலிச் சொதி எத்தனை முறை வைத்தாலும் திரிந்து போகிறது. மேலே எண்ணெய் தனியாக, கீழே தண்ணீர் தனியாக நிற்கிறது. எங்கே தப்பு?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டீர்கள், இனி நான் சுருக்கமாகப் பேசமுடியாது. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதிதான் ராஜா. பக்கத்தில் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டார் முகம் மாறும்.

பெரிய தேங்காய் ஒன்று. துருவி, கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும் விட்டு அரைத்துப் பிழிந்தது முதல் பால். விரலில் தொட்டால் ஒட்டும். இரண்டாவது, மூன்றாவது பாலுக்குத் தண்ணீர் கூடக் கூட விட்டுக்கொள்ளலாம். மூன்றையும் மூன்று பாத்திரத்தில் வையுங்கள். ஒன்றாகக் கலந்துவிட்டால் அந்த நிமிஷமே சொதி போயிற்று.

காய்கள் (காரட், பீன்ஸ், உருளை, முருங்கைக்காய், பட்டாணி), உரித்த சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் மூன்றாம் பாலில் வேக வேண்டும். இந்தப் பால் கொதிக்கலாம், பயமில்லை. காய் வெந்ததும் அரை டம்ளர் பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து விடுங்கள். இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுதை இரண்டாம் பாலில் கரைத்து ஊற்றி, அடுப்பைத் தணித்து ஒரு கொதி. உப்பு இங்கேயே.

இப்போதுதான் முதல் பால். ஊற்றியதும் கரண்டியை ஒரே பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் சோப்பு நுரை மாதிரி சின்னச் சின்னதாக நுரை கூடும், நடுவில் இன்னும் கொதி வந்திருக்காது. அந்த நொடியில் அடுப்பை அணைக்க வேண்டும். நடுவில் ஒரு குமிழ் வெடித்தால்கூட எண்ணெய் பிரியத் தொடங்கிவிடும். உங்கள் தப்பு பெரும்பாலும் இங்கேதான். இல்லாவிட்டால் எலுமிச்சையில் இருக்கும். சாற்றை அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் புளிப்பும் சூடும் சேர்ந்து பாலை முறித்துவிடும். இறக்கி, தாளித்துக் கொட்டி, பத்து நிமிஷம் கழித்துப் பிழியுங்கள். திரும்பச் சூடு செய்யவும் கூடாது. மிஞ்சினால் அப்படியே இடியாப்பத்துக்கு ஊற்றிச் சாப்பிடுங்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள் இடியாப்பத்துக்கு வைக்கும் சொதி இன்னும் எளிது. அதில் பருப்பு இல்லை. அதைப் பற்றி வேறொரு நாள்.

கேள்வி: பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் வீகன்தானே?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: இல்லை. பச்சைப் புள்ளி என்றால் சைவம், அவ்வளவுதான். பாலும் தேனும் அதற்குள் அடக்கம். வீகன் பொருளுக்குத் தனி முத்திரை வந்துவிட்டது. 2022-இல் அதற்கான விதிகளை உணவுப் பாதுகாப்பு ஆணையம் போட்டது. பச்சைச் சதுரத்துக்குள் ஆங்கில 'வி' எழுத்தும் மேலே ஒரு சின்ன இலையும். அந்த முத்திரை இல்லாத பாக்கெட் என்றால் பின்பக்கம் பொடி எழுத்தைப் படியுங்கள். ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் பால் பவுடர் ஒளிந்துகொண்டிருக்கும்.

கேள்வி: சென்னையில் தனி ரூம். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு மூன்று லிட்டர் குக்கர், ஒரு கரண்டி. வேலை முடிந்து வர எட்டரை மணி. ஹோட்டல் சாப்பாடு வயிற்றைக் கெடுக்கிறது. ஒரே பாத்திரத்தில் முடிகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள் அம்மா.
– ஒரு வாசகர், சென்னை

பதில்: தம்பி, கொங்கு நாட்டு அரிசிம்பருப்புச் சாதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் நாங்கள் நாலு வருஷம் குடியிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்தது.

அரிசி ஒரு டம்ளர், துவரம்பருப்பு அதில் மூன்றில் ஒரு பங்கு. வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே இரண்டையும் கழுவி ஊறப்போடுங்கள். முகம் கழுவி, துணி மாற்றி வருவதற்குள் பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். குக்கரில் இரண்டு ஸ்பூன் கடலெண்ணெய், கடுகு, சீரகம், இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை, தட்டிய பூண்டு நாலு பல். பத்துச் சின்ன வெங்காயத்தை உரிக்கப் பொறுமை இல்லையென்றால் ஒரு பெரிய வெங்காயம். அந்த அக்கா பார்த்தால் திட்டுவார், ஆனால் அவர் உங்கள் ரூமுக்கு வரப்போவதில்லை. தக்காளி ஒன்று, மஞ்சள்தூள், உப்பு. வதங்கியதும் அரிசி பருப்பை வடித்துப் போட்டு, மூன்றரை டம்ளர் தண்ணீர். மூன்று விசில். ஆவி அடங்கியதும் மேலே ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ. அப்பளம் சுட அடுப்பு இல்லையே என்று வருந்தாதீர்கள், ஊறுகாய் போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கிடைத்தால் புளிக்காய்ச்சல் கிளறி பாட்டிலில் போட்டுவையுங்கள். எண்ணெய் மேலே மிதக்கிற அளவுக்கு இருந்து, ஈரக் கரண்டி படாமல் இருந்தால் இரண்டு வாரம் தாங்கும். எட்டரை மணிகூடத் தாண்டிப் போகிற நாளுக்கு அதுதான் கைகொடுக்கும்.

கேள்வி: வேர்க்கடலைத் தயிர் செய்து பார்த்தேன். உறையவே இல்லை, நாற்றம்தான் வந்தது.
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: எனக்கு மூன்று தடவை நாறியது. முதல் தடவை காய்ச்சிய சூட்டிலேயே மிளகாய்க் காம்பைப் போட்டேன். உறை போடும் கிருமி வெந்து செத்தது. இரண்டாவது தடவை காம்பைப் பளபளவென்று தேய்த்துக் கழுவினேன். உறைய வைப்பதே அந்தக் காம்பில் ஒட்டியிருக்கும் கிருமிதான் என்று பிறகுதான் மகள் சொன்னாள். மூன்றாவது தடவை மார்கழிக் குளிரில் மேடையில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.

ஒரு டம்ளர் பச்சை வேர்க்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, தோலைக் கசக்கி எடுத்து, மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். காய்ச்சும்போது கையை எடுக்காமல் கிண்ட வேண்டும், அடி பிடிக்க இது பாலைவிட மோசம். விரல் வைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஆறேழு பச்சைமிளகாய்க் காம்பை முழுகப் போட்டு, துணி சுற்றி, இதமான இடத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வையுங்கள். முதல் உறை சுமாராகத்தான் வரும். அதில் ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றினால் அதுதான் தயிர். கெட்ட வாடையோ, நிறம் மாறினதோ இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: கடலை வாசனை போகாது. தாளித்துத் தயிர்ச்சாதமாகப் பிசைந்தால் பரவாயில்லை. கெட்டித் தயிர் என்று நினைத்து வாயில் வைத்தால் ஏமாற்றம்தான்.

கேள்வி: பழைய சோற்றிலேயே வைட்டமின் பி12 இருக்கிறதாமே? அப்படியென்றால் வீகன்களுக்கு மாத்திரை எதற்கு?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: எனக்கும் அந்த வாட்ஸ்அப் செய்தி வந்தது. பழைய சோறு நல்ல சாப்பாடு, சின்ன வெங்காயத்தோடு எனக்கு உயிர். ஆனால் அதை நம்பி மாத்திரையை விடக்கூடாது. செடி கொடியிலிருந்து வரும் உணவில் நம்பும்படியாக பி12 கிடையாது. சுருள்பாசியும் (ஸ்பைருலினா) இதற்கு உதவாது. உடம்பில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரியவே சில வருஷம் ஆகும். அதற்குள் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். என் மகள் வருஷம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் சொன்ன மாத்திரையைப் போடுகிறாள். இந்த ஒன்றில் மட்டும் கைவைத்தியம் வேண்டாம்.

கேள்வி: துவரம்பருப்பு ஆறு விசில் விட்டாலும் திட்டுத் திட்டாக நிற்கிறது.
– ஒரு வாசகி, ராமநாதபுரம்

பதில்: போர்த் தண்ணீரா? உப்புத் தண்ணீரில் பருப்பு குழையாது. பருப்புக்கு மட்டும் குடிதண்ணீர் வையுங்கள். பருப்பே பழசாக இருந்தாலும் இப்படித்தான். வெந்நீரில் அரை மணி ஊறவையுங்கள். தக்காளி, புளி எதையும் பருப்பு வேகும் முன் சேர்க்காதீர்கள், புளிப்பு பட்டால் பருப்பு இறுகிக்கொள்ளும். சோடா உப்பு போட்டால் குழையும், ஆனால் பி1 சத்து வீணாகும். எனக்கு அது பிடிப்பதில்லை.

கேள்வி: வாழைப்பூவை மோரில்தான் போடவேண்டுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அரிசி களைந்த தண்ணீரோ, கொஞ்சம் புளி கரைத்த தண்ணீரோ போதும், கறுக்காது. கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கள்ளனை எடுக்காமல் விட்டால்தான் தொந்தரவு. ஒவ்வொரு பூவிலும் குண்டூசித் தலை மாதிரி முனையுடன் நிற்கும் நரம்பும், அடியில் கண்ணாடி போன்ற சின்னச் செதிலும். டிவி பார்த்துக்கொண்டே உருவிவிடலாம்.

கேள்வி: மருமகள் வந்ததிலிருந்து வீட்டில் தயிர் வாங்குவதே இல்லை. எழுபது வயதாகும் என் வீட்டுக்காரர், 'மோர் இல்லாத சாப்பாடு சாப்பாடா?' என்று தினமும் இலையில் உட்கார்ந்துகொண்டு புலம்புகிறார். அவரை எப்படி மாற்றுவது?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: எழுபது வயதுக்காரரை எதற்கு மாற்றுகிறீர்கள்? கால் லிட்டர் பால் வாங்கி, அவருக்கென்று ஒரு சின்னக் கிண்ணத்தில் உறை ஊற்றி வையுங்கள். மருமகள் சண்டைக்கு வரமாட்டாள். என் வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறது. ஃப்ரிட்ஜில் மேல்தட்டில் என் வீட்டுக்காரருடைய தயிர், கீழ்த்தட்டில் மகளுடைய வேர்க்கடலைத் தயிர். போன வாரம் கரண்ட் போன இருட்டில் தெரியாமல் மாற்றி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, 'இன்றைக்குத் தாளிப்பு நன்றாயிருக்கிறதே' என்றார். நான் வாயே திறக்கவில்லை.