மணிக்கூட்டை மாற்றிய கிழமையில் அம்மாவுக்குத் தலைச்சுற்று: ஒரு மணித்தியாலம் இவ்வளவு செய்யுமா?

கேள்வி: கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வசிக்கிறோம். கோடை நேரத்துக்காக மார்ச்சில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியதிலிருந்து அம்மாவுக்கு நித்திரை சரியில்லை. அவருக்கு 71 வயது. நீரிழிவுக்குக் காலையும் மாலையும் கலப்பு இன்சுலின் போடுகிறார். இரண்டு நாள் பின்னேரம் வேர்த்து, தலையும் சுற்றியது. 15 வயது மகனைக் காலையில் எழுப்பவே முடியவில்லை. நானும் விடிய 5 மணிக்குக் காரில் வேலைக்குப் போகிறவள். "ஒரு மணித்தியாலம்தானே" என்கிறார் கணவர். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா, டொக்டர்?

பதில்: இல்லை, நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. முதலில் அம்மாவைப் பார்ப்போம், அதுதான் அவசரம். இன்சுலின் போடுகிற ஒருவருக்குப் பின்னேரம் வேர்வையோடு தலைசுற்றினால், சீனி இறங்கியிருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். பல வீடுகளில் நடப்பது இதுதான்: மணிக்கூடு 6 காட்டியதும் வழக்கம்போல ஊசியைப் போட்டுவிடுவார்கள். உடம்புக்கோ அது இன்னும் 5 மணி. வெளியே நல்ல வெளிச்சம், பசியும் இல்லை. "பிறகு சாப்பிடுகிறேன் பிள்ளை" என்று ஏழரை வரை இழுபடும். மருந்து வேலையைத் தொடங்கியிருக்கும், வயிற்றில் ஒன்றும் இராது.

ஆகவே சாப்பாடு தயார் என்று தெரிந்த பிறகே ஊசி. ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் இடையே உங்கள் டொக்டர் சொன்ன இடைவெளி மாறக்கூடாது. தலை சுற்றினால் உடனே சீனி பாருங்கள். 4-க்குக் கீழே (mmol/L அளவில்) என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த இரண்டு நாள் நடந்ததையும் குடும்ப டொக்டரிடம் இந்தக் கிழமையே சொல்லுங்கள். சீனி பார்க்கும் மீற்றரின் நேரத்தையும் திருத்துங்கள். பல மீற்றர்களில் அது தானாக மாறாது. பிரஷர் குளிசை ஒரு மணித்தியாலம் முன்பின்னாகப் போனால் பொதுவாகப் பாதகமில்லை.

இனி நித்திரை. நமது மூளைக்குள் ஒரு மணிக்கூடு இருக்கிறது. அதற்கு நேரம் சொல்வது வெளிச்சம். காலை வெளிச்சம் அதை முன்னே இழுக்கும், இரவு வெளிச்சம் பின்னே தள்ளும். மார்ச் இரண்டாம் ஞாயிறு அரசாங்கம் நம்மை ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பச் சொல்கிறது. அதே நாளில் ரொறன்ரோவில் 6:40 வாக்கில் உதித்த சூரியன் 7:40-க்குப் போய்விடுகிறது. எந்த வெளிச்சம் உதவுமோ அது பறிபோகிறது, எது கெடுக்குமோ அது பின்னேரம் கூடுகிறது. அதனால்தான் சிலருக்கு உடம்பு பழக ஒரு கிழமைக்கு மேலும் எடுக்கிறது.

மிச்சிகன் மாநில மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2014-இல் வெளியான ஆய்வில், இந்த மாற்றத்துக்கு அடுத்த திங்கட்கிழமை மாரடைப்போடு வந்தவர்கள் 24 சதவீதம் கூடியிருந்தார்கள். கிழமை முழுவதையும் கூட்டினால் எண்ணிக்கை கூடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே நலிந்திருந்த இதயங்களை அந்தத் திங்கள் முந்திக்கொண்டு தாக்குகிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் உயிர்ச்சேதம் ஏற்படும் வீதி விபத்துகள் அந்தக் கிழமையில் ஏறத்தாழ 6 சதவீதம் கூடுகின்றன. விடியற்காலையில் வாகனம் ஓட்டுகிற நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கிழமை இரவில் அரை மணித்தியாலமாவது முந்திப் படுங்கள். கண் சொருகினால் காரை ஓரம் கட்டுங்கள், வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை.

மகனைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். அந்த வயதில் உடம்பின் மணிக்கூடு இயல்பாகவே பிந்தி ஓடும். 7 மணிக்கு எழுப்பினால் அவனுக்கு அது 6 மணி, அதுவும் இருட்டில். எழும்பியதும் திரைச்சீலையைத் திறந்து விளக்கைப் போடுங்கள், பள்ளிக்கு முடிந்தவரை நடந்து போகட்டும். இரவில் ஃபோன் அறைக்கு வெளியே இருக்கட்டும். அடுத்த மார்ச்சில் நாலைந்து நாள் முன்பே படுக்கை, சாப்பாடு, ஊசி எல்லாவற்றையும் தினம் 15 நிமிடம் முன்னே நகர்த்தி வாருங்கள்.

இந்த மாற்றத்தையே நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கனடாவிலேயே சாஸ்கச்சுவான் மாகாணத்தில் பெரும்பாலான இடங்களில் மாற்றுவதில்லை. வடக்கே யூக்கோன் பிரதேசம் 2020-இல் நிறுத்திவிட்டது. நமது மாகாணமான ஒன்ராறியோவும் 2020-இல் சட்டம் இயற்றியது, ஆனால் அயலிலுள்ள கியூபெக்கும் நியூ யோர்க்கும் சேர்ந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். அந்தச் சட்டம் கோடை நேரத்தை நிரந்தரமாக்குவது என்பதுதான் எனக்குக் கவலை. அப்படிச் செய்தால் டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் 8:50 வாக்கில்தான் உதிக்கும். பிள்ளைகள் இருட்டிலேயே வகுப்புக்குப் போவார்கள். அமெரிக்கா 1974 ஜனவரியில் இதைச் செய்து பார்த்து, அதே ஆண்டு ஒக்டோபரில் கைவிட்டது. அமெரிக்க நித்திரை மருத்துவ அமைப்பு கேட்பதும் நிரந்தர வழமை நேரத்தைத்தான், அதாவது பனிக்காலத்தில் நாம் வைத்திருக்கும் நேரத்தை.

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூடு பின்னே போகும்போது அம்மாவின் நிலை தலைகீழாகும். பசி முந்தி வரும், ஊசி பிந்தும், சீனி ஏறும். அந்தக் கிழமையும் சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொரு முறையும் சீனி பார்த்து, எண்களை எழுதி வையுங்கள்.